நகர பட்ஜெட்டில் தலையிட ஏழெட்டு வழிகள்: உங்கள் நேரத்தை எதில் போடுவது?

நகர பட்ஜெட்டிலும் நகரத் திட்டத்திலும் நாமும் தலையிட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால் உடனே ஏழெட்டு வழிகள் கண்ணில் படும். கருத்துக்கேட்புக் கூட்டம், எழுத்தில் ஆட்சேபணை, பங்கேற்பு பட்ஜெட் (நகரப் பணத்தில் ஒரு பகுதியை எதில் போடுவது என்று மக்களே தீர்மானிப்பது), குலுக்கலில் அமைக்கும் குடிமக்கள் குழு, ஆலோசனைக் குழு, ஆன்லைன் மனு, கணக்கு கேட்பது, சொந்தமாக வரைபடம் போடுவது. எல்லாவற்றிலும் இறங்க யாருக்கும் நேரம் கிடையாது, மாதத்தில் இரண்டு மாலை ஒதுக்க முடிந்தாலே பெரிய விஷயம். அந்த இரண்டு மாலையை எதில் போடுவது என்பதுதான் இங்கே பேச்சு. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதிகம் விளம்பரமாகும் வழிகளில் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் முக்கியமான தீர்மானம் முடிந்திருக்கும், யாரும் எட்டிப் பார்க்காத சலிப்பான வழிகளில்தான் இன்னும் ஏதாவது மாற்ற இடம் மிச்சம் இருக்கும். விதிவிலக்குகள் உண்டு, அவையும் வரும்.

எந்த வழியையும் எடைபோடும் முன் பணம் எப்போது தீர்மானமாகிறது என்று பார்த்துவிடுவோம். மன்றத்தில் பட்ஜெட் வாசிக்கும் நாளில்தான் எல்லாம் நடக்கிறது என்று தோன்றும், செய்தியும் அன்றைக்குத்தான் வரும். ஆனால் துறைகள் தங்கள் தேவைகளை எழுதி அனுப்புவது அதற்குப் பல மாதம் முன்னால், அதை நிதிப் பிரிவு வெட்டிச் சுருக்கும், அப்புறம் குழுக்களில் பேரம் நடக்கும், கடைசியில்தான் மன்றம். மக்களிடம் கருத்துக் கேட்பது பெரும்பாலும் இந்த வரிசையின் கடைசிப் படிக்குப் பக்கத்தில் வருகிறது. அந்த நேரத்தில் போய் ஒரு தெருவுக்கு வடிகால் சேருங்கள் என்று கேட்டால் வேறொரு தெருவுக்கு வைத்த பணத்தைப் பிடுங்கித்தான் சேர்க்க வேண்டியிருக்கும், அதற்கு எந்த அதிகாரியும் லேசில் சம்மதிக்க மாட்டார். அதே கோரிக்கை துறையின் பட்டியல் தயாராகும் மாதத்தில் போயிருந்தால் அது பட்டியலில் இன்னொரு வரி, அவ்வளவுதான்.

மொத்தத் தொகையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். சம்பளம், ஓய்வூதியம், கடன் தவணை, மின்கட்டணம், முன்பே கையெழுத்தான ஒப்பந்தங்கள் எல்லாம் போக மிஞ்சுவதுதான் யாராவது உட்கார்ந்து தீர்மானிக்கக்கூடிய பணம். அதிலும் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு பை உண்டு. கட்டுவது முதல் பையில், பராமரிப்பதும் ஆள் வைப்பதும் இரண்டாவது பையில். மக்களைக் கூப்பிட்டுக் கேட்கும் ஏற்பாடுகள் பலவும் முதல் பையை மட்டுமே தொடுகின்றன. பூங்கா வேண்டுமா என்று ஓட்டுப் போடலாம், அந்தப் பூங்காவின் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமா என்று ஓட்டுப் போட முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்துக் கட்டிய பல நல்ல விஷயங்கள் சில வருடத்தில் பாழாகிப் போவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நுழைவது எல்லாவற்றையும் விட எளிது. போனால் போதும், இரண்டு மூன்று நிமிடம் மைக் கிடைக்கும். பலன்தான் குறைவு. அதற்கு நேரம் கடந்துவிட்டது ஒரு காரணம், யார் வருகிறார்கள் என்பது இன்னொரு காரணம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 97 நகரங்கள், ஊர்களின் கட்டட அனுமதிக் கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அங்கே எழுந்து பேசியவர்கள் சராசரி குடியிருப்பவரை விட வயதானவர்கள், ஆண்கள், பல காலமாக அங்கேயே இருப்பவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், பேசியதும் பெரும்பாலும் புது வீடுகள் வேண்டாம் என்றுதான் என்று கண்டார்கள். வாடகைக்கு இருப்பவர், இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் இவர்களெல்லாம் அந்த அறையில் இல்லை. நாளைக்கு அந்த வீடுகளில் குடிவரப் போகிறவர் இருக்கவே முடியாது. இதனால் கூட்டத்துக்கே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் சொன்னது குறிப்பில் ஏறும், பின்னால் வழக்கு என்று வந்தால் அது உதவும். உங்களைப் போலவே கடுப்பில் இருக்கும் பத்துப் பேரை அங்கே சந்திக்கலாம், பல சமயம் கூட்டத்தின் லாபமே அந்தப் பத்துப் பேர்தான்.

எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபணை இதை விட மேல், முக்கியமாக நிலப் பயன்பாடு, முழுமைத் திட்டம் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று நகரம் முழுக்கப் போடும் மாஸ்டர் பிளான்) போன்றவற்றில். பக்கத்து மனையில் பத்து மாடி எழும்புகிறதே என்று பதறி ஓடும்போதுதான் தெரியவரும், அந்த இடத்தில் அத்தனை மாடி கட்டலாம் என்று வரைபடத்தில் நிறம் பூசிப் பல வருடம் ஆகிவிட்டது, அப்போது கருத்துச் சொல்ல நாள் கொடுத்திருந்தார்கள், யாரும் சொல்லவில்லை. முழுமைத் திட்டம் பொதுவாக பத்து, இருபது வருடக் கணக்குக்குப் போடப்படுவது. அந்த வரைவு வெளியாகும் ஒன்றிரண்டு மாதத்தில் எழுதும் ஒரு கடிதம், பின்னால் தனித்தனிக் கட்டடத்துக்கு எதிராக நடத்தும் ஐந்து வருடப் போராட்டத்தை விடக் கனமானது. தனி அனுமதி என்ற கட்டத்தில் அதிகாரி பார்ப்பது விதிக்கு உட்பட்டிருக்கிறதா என்று மட்டும்தான், உட்பட்டிருந்தால் உங்கள் ஆட்சேபணையை வைத்து அவர் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரே வாசகத்தை ஐந்நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் அதை ஒரே ஆட்சேபணையாகச் சேர்த்து ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். இத்தனையாம் பக்கம், இந்த வரைபடம், இந்தத் தெருவுக்கும் அந்த வாய்க்காலுக்கும் நடுவில் உள்ள நிலம், இதைக் குடியிருப்பு என்று குறித்திருக்கிறீர்கள், உங்கள் திட்டத்திலேயே முதல் அத்தியாயத்தில் வெள்ளம் தேங்கும் பகுதிகளைக் காப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் எப்படிப் பொருந்தும், ஆகவே திறந்தவெளி என்று மாற்றவும் என்று எழுதினால் தட்டிக்கழிப்பது கஷ்டம். அவர்களுடைய சொந்த வாக்கியத்தை அவர்களிடமே காட்டுவதை விடக் கூர்மையான வாதம் இந்த வேலையில் கிடையாது. அதற்கு அந்த ஆவணத்தைப் படிக்க வேண்டும், அது கொடுமை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான்கு பேர் ஆளுக்கு ஒரு அத்தியாயம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பங்கேற்பு பட்ஜெட். எல்லோரும் ஆசையாகப் பேசுவது இதைப் பற்றித்தான், பேசத் தகுந்ததும்கூட. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் தொழிலாளர் கட்சி நகர ஆட்சிக்கு வந்ததும் தொடங்கியது. நகரத்தை 16 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மக்கள் கூடி எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தி, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிரதிநிதிகள் அதிகாரிகளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பணத்தைப் பங்கிட்டார்கள். ஓட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பங்கிடவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எந்தப் பகுதியில் அந்த வசதி எவ்வளவு குறைவாக இருக்கிறது, மக்கள்தொகை எவ்வளவு, அவர்கள் எதை முதலில் கேட்டார்கள் என்ற மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுப் பெருக்கிக் கூட்டினார்கள். அதனால் சாக்கடை இல்லாத ஏழைப் பகுதிக்குப் பணம் தானாகவே அதிகம் போனது. குடிநீர், கழிவுநீர் இணைப்பு உள்ள வீடுகள் 1988இல் 75 சதவீதமாக இருந்து 1997இல் 98 சதவீதம் ஆனது என்பது உலக வங்கி எடுத்துக்காட்டும் கணக்கு. பிரேசிலின் மற்ற நகரங்களை ஒப்பிட்ட ஆய்வுகளும், இந்த முறையைக் கையாண்ட நகரங்கள் சுகாதாரத்துக்கும் கழிவுநீருக்கும் அதிகம் செலவழித்தன, குழந்தை இறப்பு குறைந்தது என்று காட்டின.

அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியபோது ஏற்பாட்டின் பெயர் பயணம் செய்தது, உள்ளே இருந்த மதிப்பெண் முறை பல இடங்களுக்கு வந்து சேரவில்லை. இன்று பல நகரங்களில் இது கிட்டத்தட்ட ஒரு போட்டி: யோசனை கொடுங்கள், பட்டியல் போடுகிறோம், ஓட்டுப் போடுங்கள், ஜெயித்ததைக் கட்டுகிறோம். யாரிடம் ஆள்பலம் இருக்கிறதோ அவர்கள் ஜெயிப்பார்கள். பெற்றோர் வாட்சாப் குழு வைத்திருக்கும் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுத் திடல் கிடைக்கும், அமைப்பே இல்லாத குடிசைப் பகுதிக்குக் கிடைக்காது. பாரிஸ் இதைப் புரிந்துகொண்டு கொஞ்சம் சரிசெய்தது. 2014இல் தொடங்கி 2020 வரை முதலீட்டுச் செலவில் 5 சதவீதம், மொத்தம் சுமார் 50 கோடி யூரோ ஒதுக்குவதாக அறிவித்தார்கள், அப்புறம் ஒரு வருட ஒதுக்கீடான 10 கோடி யூரோவில் 3 கோடியைத் தொழிலாளர்கள் அதிகம் வாழும் பகுதிகளுக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். நியூயார்க்கில் 2011இல் நான்கு கவுன்சிலர்கள் தலா குறைந்தது 10 லட்சம் டாலரை மக்கள் ஓட்டுக்கு விட்டார்கள். பிறகு அங்கே 11 வயதுப் பிள்ளைகளும், குடியுரிமை இல்லாதவர்களும் ஓட்டுப் போடலாம் என்று ஆனது. பொதுத் தேர்தலில் ஓட்டு இல்லாதவருக்கு இங்கே ஓட்டு என்பது லேசான விஷயம் அல்ல.

ஆக உங்கள் நகரத்தில் பங்கேற்பு பட்ஜெட் என்று அறிவிப்பு வந்தால் குதிப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். மொத்த பட்ஜெட்டில் இது எவ்வளவு? போலந்தில் 2018இல் வந்த சட்டம் பெரிய நகரங்கள் செலவில் குறைந்தது 0.5 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. சட்டமாகவே இருப்பது நல்லதுதான், ஆனால் மிச்சம் 99.5 சதவீதத்தை யார் பார்ப்பது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். அடுத்து, போன வருடம் ஜெயித்த வேலைகளில் எத்தனை முடிந்தன? பதில் உடனே கிடைக்காவிட்டால் அதுவே பதில். மூன்றாவது, ஆட்சி மாறினால் இது நிற்குமா? போர்ட்டோ அலெக்ரேயிலேயே 2004 தேர்தலில் அந்தக் கட்சி தோற்றபின் ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, 2017இல் நிறுத்திவைக்கப்பட்டது. உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஊரின் கதி இது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் பணத்தைப் பிரித்துவிட்டு, அப்புறம்தான் என்ன செய்யலாம் என்று மக்களைக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் பேசுவதற்கு நிஜமான பணம் இருந்தது. கூட்டம் முதலில், பணம் பிறகு பார்க்கலாம் என்றால் எனக்கு நம்பிக்கை வராது.

குலுக்கலில் ஆள் எடுக்கும் குடிமக்கள் குழு கொஞ்சம் வினோதமாகத் தோன்றும், ஆனால் தரமான முடிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். மெல்போர்ன் மாநகராட்சி 2014இல் 43 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, கணக்குப் புத்தகங்களைத் திறந்துகொடுத்து, அதிகாரிகளையும் நிபுணர்களையும் கேள்வி கேட்க விட்டு, பத்து வருட நிதித் திட்டத்துக்குப் பரிந்துரை கேட்டது. அவர்கள் சொன்னவற்றில் வரியைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்பதும் ஒன்று. ஓட்டுக் கேட்டு வரும் எந்த அரசியல்வாதிக்கும் வாயில் வராத வார்த்தை அது. கணக்கைப் பார்த்த சாதாரண ஆட்களுக்கு வந்தது, மன்றமும் பரிந்துரைகளில் பெரும்பாலானதை ஏற்றுக்கொண்டது. பாரிஸ் 2021இல் குலுக்கலில் எடுத்த 100 பேரை வைத்து நிரந்தர அமைப்பே உண்டாக்கியது. தனி மனிதராக உங்களுக்கு இதில் உள்ள சிக்கல் ஒன்றுதான், நீங்களாகப் போய்ச் சேர முடியாது. சீட்டு விழ வேண்டும். விழுந்தால் மறுக்காதீர்கள், விழாவிட்டால் உங்கள் மன்றம் இப்படி ஒன்றை நடத்த வேண்டும் என்று கேட்பது மட்டும்தான் உங்கள் கையில்.

ஆலோசனைக் குழு இதற்கு நேர் எதிர். கேட்டாலோ, தெரிந்தவர் சொன்னாலோ உள்ளே வந்துவிடலாம், வந்தபின் என்ன அதிகாரம் என்பதுதான் தெளிவாக இருக்காது. குழுவுக்குக் கோப்பு கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் வருகிறது என்று விசாரியுங்கள். அன்று காலையில்தான் வருகிறது என்றால் உங்களைக் கையெழுத்துக்காக வைத்திருக்கிறார்கள். நிதி ஒதுக்கீட்டைப் பார்க்கவும் வேலை முடிந்ததா என்று சான்று கொடுக்கவும் உரிமை உள்ள வார்டு அளவிலான குழு என்றால் கதை வேறு, அப்படி இருந்தால் மற்றதை விட்டுவிட்டு அதில் சேருங்கள்.

ஆன்லைன் மனு, யோசனைத் தளம் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாட்ரிட் 2015இல் தொடங்கிய தளத்தில் யார் வேண்டுமானாலும் யோசனை வைக்கலாம், தகுதியுள்ளவர்களில் 1 சதவீதம் பேர் ஆதரித்தால் நகரம் முழுக்க ஓட்டெடுப்பு. ஆரம்பத்தில் 2 சதவீதம் என்று இருந்ததைக் குறைத்த பிறகும், 2017 ஓட்டெடுப்புக்கு வந்து சேர்ந்தவை ஆயிரக்கணக்கான யோசனைகளில் இரண்டே இரண்டு. ரெய்க்யாவிக் நகரில் 2010இல் தொடங்கிய தளம் இதை விடப் பரவாயில்லை, மாதா மாதம் மேலே வரும் யோசனைகளை நகர மன்றத்தின் குழுக்கள் எடுத்துப் பேச வேண்டும் என்று வைத்தார்கள். சின்ன வேலைகளுக்கு இது போதும். உங்கள் நகரத்தின் தளத்தில் மேலே வந்த யோசனையை யாராவது எடுத்துப் பேசியே ஆக வேண்டும் என்ற விதி இல்லை என்றால், அங்கே நீங்கள் போடும் விருப்பக்குறி எங்கும் போய்ச் சேராது.

கடைசி இரண்டும் நிர்வாகம் நடத்தாதவை, நீங்களே நடத்துபவை. அதனால்தான் இவற்றுக்கு விளம்பரமும் இல்லை, கைதட்டலும் இல்லை.

ஒன்று, கணக்கு கேட்பது. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் பொதுவாக இந்த ஆண்டு ஒதுக்கியது, ஆண்டின் நடுவில் திருத்திய மதிப்பீடு, கடந்த ஆண்டு உண்மையில் செலவானது என்று பத்திகள் இருக்கும். எல்லோரும் முதல் பத்தியைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். நீங்கள் கடைசிப் பத்தியைப் பாருங்கள். மழைநீர் வடிகாலுக்கு வருடா வருடம் பெரிய தொகை ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் பாதியாக்கி, செலவில் அதிலும் பாதி என்றால், இன்னும் அதிகம் ஒதுக்குங்கள் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. டெண்டர் ஏன் போகவில்லை, யாரிடம் கோப்பு நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, ஒதுக்கீட்டில் தொடங்கி, எஸ்டிமேட், டெண்டர், வேலை உத்தரவு, அளவுப் புத்தகம் (முடிந்த வேலையை அளந்து பதிவு செய்வது), பில் வரை ஒரு வருடம் பின்தொடருங்கள். இதற்குத் தகவல் கேட்கும் சட்டம் இருக்கும் நாட்டில் இருந்தால் வேலை பாதி குறையும். இந்தியாவில் அந்தச் சட்டம்கூட இந்த மாதிரி நச்சரிப்பில் இருந்து வந்ததுதான். ராஜஸ்தான் கிராமங்களில் 1990களில் கூலிப் பட்டியலையும் பில்லையும் ஊர் நடுவில் வைத்து உரக்க வாசித்தார்கள், செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்கு பில் எல்லாம் வெளியே வந்தது, அந்தப் போராட்டம் வளர்ந்து 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி செய்தது. நகரத்தில் ஒரு தெருவின் சாலைக் கணக்கை அந்தத் தெருவிலேயே வாசிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இன்னொன்று, அவர்களிடம் இல்லாத தகவலை நீங்கள் உண்டாக்குவது. கராச்சியின் ஒராங்கி குடியிருப்பில் 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டத்தில், சந்து சந்தாக இருபது முப்பது வீடுகள் சேர்ந்து தங்கள் செலவில் சாக்கடைக் குழாய் போட்டுக்கொண்டார்கள், பெரிய வடிகாலை மட்டும் அரசு செய்யட்டும் என்று பிரித்துக்கொண்டார்கள். அதோடு நிற்காமல் உள்ளூர் இளைஞர்கள் வடிகால்களை அளந்து வரைபடமும் போட்டார்கள். அரசின் கையில் அப்படி ஒரு வரைபடம் இல்லை, அதனால் அடுத்த திட்டங்களில் அந்த வரைபடத்தைத் தவிர்க்க முடியவில்லை. மக்கள் தங்கள் கைக்காசில் சாக்கடை போட வேண்டும் என்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், வரி வாங்குபவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. வரைபடம் போடுவதைச் செய்யலாம். எந்த முனையில் எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கிறது, எந்த நடைபாதையில் சக்கர நாற்காலி போகாது, எந்த நிறுத்தத்தில் பஸ் எவ்வளவு நேரம் தாமதம் என்று ஒரு பருவம் முழுக்கத் தேதியோடு குறித்து வைத்தவரிடம், எங்கள் பதிவேட்டில் அப்படி இல்லையே என்று சொல்லிப் பார்க்கட்டும்.

அப்படியானால் யாருக்கு எது? வருடத்துக்கு ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் பங்கேற்பு பட்ஜெட் ஓட்டோ எழுத்தில் ஒரு ஆட்சேபணையோ போதும், அதில் ஆட்சேபணை எனக்குப் பிடித்தது. பிரச்சினை ஒரு குறிப்பிட்ட கட்டடம் என்றால் கூட்டத்துக்குப் போங்கள், வக்கீலையும் பாருங்கள், அதோடு நிலப் பயன்பாட்டு வரைபடம் அடுத்து எப்போது திருத்தப்படும் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை பராமரிப்பு என்றால், அதாவது குப்பை, விளக்கு, தூர்வாருதல், மக்கள் ஓட்டுப் போடும் ஏற்பாடுகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, கணக்கு கேட்பதைத் தவிர வழி இல்லை. மாதம் இரண்டு மாலை, கூட மூன்று நான்கு பேர் என்றால் ஒரே தலைப்பு, ஒரே வருடம், விடாமல் பின்தொடர்வது. இதில் கண்ணுக்குத் தெரியும் வெற்றி சீக்கிரம் வராது, கூட வந்தவர்களில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். ஆனால் அடுத்த வருடம் துறை தன் பட்டியலைத் தயாரிக்கும்போது உங்கள் கேள்வியை மனதில் வைத்தே அந்த வரியை எழுதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான். நிதிப் பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டு பட்ஜெட் கால அட்டவணையைக் கேளுங்கள்: துறைகளிடம் மதிப்பீடு கேட்டு சுற்றறிக்கை எந்த மாதம் போகும், அவர்கள் எந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும். அந்தத் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் உங்கள் கோரிக்கை, அளவோடும் படத்தோடும், அந்தத் துறைப் பொறியாளரின் மேசையிலும் உங்கள் கவுன்சிலரின் கையிலும் இருக்க வேண்டும்.